கந்தம்மாள் விவசாயத்தில் பெயிலான வரலாறு

மேல்மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூண்டு போட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, அங்கே விவசாயம் என்னவோ போன புரட்டாசியில்தான் தொடங்கியது. 'வேளாண்மை, கால்நடை, மீன்வளம்: அடிப்படைச் சொல்லறிவு இயக்கம்' ஜீப்பில் வந்து இறங்கிய நன்னாள் அது. அறிவிப்பில் குழப்பமே இல்லை: தேர்வில் தேறுகிறவரே 'விவசாயி', விவசாயிக்கே விதைப்பூண்டு.

கந்தம்மாள் எடுத்துவைத்திருந்த விதை முழுக்க அடைமழையில் அழுகிப்போயிருந்தது. இந்த விதைப்பூண்டு கிடைக்காவிட்டால் தோட்டம் தரிசுதான். ஆகவே ஐம்பத்திரண்டு வயதில் நோட்டும் பேனாவுமாகச் சமுதாயக்கூடத்துக்குப் போனாள்.

பாடம் நடத்தியவர் சந்தோஷ்குமார். படிப்பால் மாட்டு டாக்டர். சொல்லறிவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து மாட்டைத் தொடாத தூய மனிதர்.

"மண்வெட்டி என்பது மண்ணை வெட்டும் கருவி. எழுதிக்குங்க."

மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையால் கந்தம்மாள் பயபக்தியோடு எழுதிக்கொண்டாள். மீன்குஞ்சு வளர்ப்பு வந்தபோதுதான் எழுந்து நின்றாள்.

"சார், எங்கூர்ல மீன்கொளமே கெடையாதுங்களே. மார்கழியில கொடத்துத் தண்ணியே ஐஸாக் கெடக்கும்."

"சொல் வந்துருச்சுல்ல? குளம் பின்னாடி வரும்."

தேர்வு நாளும் வந்தது. ஆறு கேள்விகளை முடித்து ஏழாவதுக்கு வந்தாள். 'கன்று ஈனுதல்: சிறு குறிப்பு வரைக.' அப்போது ஜன்னலில் கொழுந்தன் அழகுமலையின் தலை தெரிந்தது.

"மதினி! மாடு காலையில வெள்ளனே புடிச்சு முக்கிக்கிட்டுக் கெடக்கு. ஒத்தக் காலுதான் வெளிய வந்துருக்கு. வெரசா வாங்க!"

கந்தம்மாள் சந்தோஷ்குமாரைக் கும்பிட்டாள். "நீங்க ஒரு எட்டு வந்து பாத்தீங்கன்னா, சார்..."

"நான் இப்ப தேர்வுக் கண்காணிப்பாளர்மா. மாடு வேற பிரிவு. மனு குடுங்க."

"மனு எழுதுற வரைக்கும் மாடு தாங்குமாங்க?"

"வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது. யோசிச்சுக்குங்க."

கந்தம்மாள் விடைத்தாளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு, கன்றை உள்ளே தள்ளி, மடங்கிக் கிடந்த இன்னொரு காலை நிமிர்த்தி வெளியே எடுத்தாள். அழகுமலை கயிற்றைப் பிடித்தான்.

"மெதுவா இழுலே! மாடுலே அது, தேரு இல்ல!"

கிடேரிக் கன்று. தாயும் பிழைத்தது. கந்தம்மாள் கையைக்கூடக் கழுவாமல் திரும்பி ஓடிவந்தபோது கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. ஒரு கேள்வியை விட்டாலும் தேர்ச்சி கிடையாது. ஏழாவது கேள்விக்கு விடை எழுதவில்லை, ஆகவே பெயில்.

தேறியவர்கள் பதினொரு பேர். பதினொருவரும் மேல்மலையில் நிலம் வாங்கிப் போட்டிருக்கும், நாயுடுபுரத்தில் சுற்றுலா விடுதி நடத்துகிறவர்கள். முதல் மதிப்பெண் முருகானந்தத்துக்கு. ஏழாவது கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார், படத்தோடு.

விதைப்பூண்டு வந்த மறுநாள் அவருடைய கார் கந்தம்மாள் வாசலில் நின்றது.

"அக்கா, ஒரு சின்ன டவுட். பூண்டுப் பல்லுல எந்தப் பக்கம் மேல இருக்கணும்?"

கந்தம்மாளுக்குச் சிரிப்பும் அடங்கவில்லை. விதை வீணாகிவிடுமே என்ற பதைப்பும் அடங்கவில்லை. கூலிக்கு ஒத்துக்கொண்டு, தனக்கு வரவேண்டிய விதையை அவர் நிலத்தில் ஒவ்வொரு பல்லாக, கூர் மேலே பார்க்க நட்டாள்.

சந்தோஷ்குமார் அதைப் படமெடுத்துக்கொண்டார். இயக்கத்தின் ஆண்டு மலருக்கு அதுவே அட்டைப்படம்: குனிந்து நடும் கந்தம்மாள், பக்கத்தில் குடை பிடித்தபடி முருகானந்தம். கீழே அச்சிட்டிருந்தார்கள்:

'கூலித் தொழிலாளிக்கு நடவு கற்றுத்தரும் விவசாயி.'