முப்பத்திரண்டுக்கு இறங்கட்டும்

லோடுமேன் வாட்ச் கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது. பணம் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை தோறும் கடைக்குப் போவார். "அடுத்த வாரம் தந்துடறேங்க" என்பார். டிராயரைத் திறந்து காட்டச் சொல்லி, பார்த்துவிட்டுத் திரும்புவார்.

டிராயரில் இருந்தது அவர் மனைவியின் கைக்கடிகாரம். அவள் இறந்த மாதமே அதுவும் நின்றுவிட்டது. கடைக்காரர் அதைச் சரிசெய்து, தினமும் சாவி கொடுத்து ஓட வைத்திருந்தார்.

பணம் கட்டினால் எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போய் அலமாரியில் பூட்டவா? அவருக்கு அதைக் கையில் கட்டிக்கொள்ள ஆசை. மூட்டை இறக்கி மூச்சு வாங்கும்போது காதருகே வைத்தால் அது ஓடுவது கேட்க வேண்டும். ஆனால் டயலின் அகலம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர்தான். அதைக் கட்டிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தால் மானம் கப்பலேறிவிடும்.

கிடங்கில் வாட்ச் பைத்தியங்கள் அதிகம். அவர்களுக்குத் தலைவர் ஸ்டோர்கீப்பர். போல்ட் அளக்கும் காலிப்பரை வைத்து எல்லார் வாட்ச்சையும் அளந்து தீர்ப்புச் சொல்வார். முன்பெல்லாம் நாற்பத்தாறுக்கு ஒரு நூல் குறைந்தாலும், "என்னய்யா, பாப்பாவோடதைக் கட்டிட்டு வந்துட்டியா?" என்று கேட்பார். அவரே பிறகு நாற்பத்திரண்டு போதும் என்றார். இந்த வருடம் நாற்பது. பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் காய்ச்சல் இறங்குவதைப் பார்ப்பவர்போல லோடுமேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா காத்திருப்பானேன் என்று ஒருநாள் டீ நேரத்தில் மெல்ல எடுத்துவிட்டார்.

"டவுன்ல பெரிய ஆளுங்கல்லாம் முப்பத்தாறுதான் கட்டுறாங்களாம்."

"யாருய்யா சொன்னது?"

"முதலாளியோட மச்சான்."

முதலாளிக்கு மச்சானே கிடையாது. ஆனாலும் அடுத்த மாதம் கிடங்கு முழுக்க முப்பத்தாறு. லோடுமேனுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. "இப்ப முப்பத்திநாலாம்" என்றார். அதுவும் நடந்தது. இன்னும் இரண்டே இரண்டு மில்லிமீட்டர்.

அன்றைக்குக் கிரேன் டிரைவர் சொன்னான்: "அண்ணே, சின்ன வாட்ச் எங்க தேடியும் கிடைக்கல. வாட்ச் கடை டிராயர்ல ஒண்ணு கிடக்குது, முப்பத்திரண்டு. எவனோ காசு கட்டாம இழுத்தடிக்கிறானாம். சனிக்கிழமை போய்த் தூக்கிடுவேன்."

லோடுமேனுக்கு டீ புரையேறியது.

"சின்னதா? அதுக்கு மவுசு போயிடுச்சுப்பா. இனிமே அம்பதாம்."

"முதலாளி மச்சானா?"

"அவரேதான்."

ஸ்டோர்கீப்பர் அன்று மாலையே ஐம்பதுக்குத் தாவினார். பின்னாலேயே எல்லாரும். தட்டைக் கட்டியதுபோல் கைகள் மின்னின. இனி முப்பத்திரண்டு என்றால் சிரிப்பார்கள். இவ்வளவு தூரம் இறக்கிக் கொண்டுவந்ததைத் தன் வாயாலேயே ஏற்றிவிட்டோமே என்று அவருக்கு ஆறவில்லை.

கிரேன் டிரைவரோ, "மவுசு போனா விலை குறையும்ணே. இப்பத்தான் வாங்கணும்" என்றான்.

சனிக்கிழமை லோடுமேன் வியர்வை காயாமல் கடைக்கு ஓடினார். கிரேன் டிரைவர் அங்கே முந்திக்கொண்டு நின்றிருந்தான். அவர் பணத்தை மேசையில் வைத்தார்.

"அட, இழுத்தடிச்சது நீங்கதானா?" என்றான் அவன்.

"வீட்டுக்காரியோடது. எடுத்துட்டுப் போய் அலமாரியில வைக்கணும்."

"அலமாரியில எதுக்கு? கட்டிக்குங்க" என்றார் கடைக்காரர்.

"பொம்பளை வாட்ச்சைக் கட்டிட்டு எப்படிங்க வேலைக்குப் போறது?"

கடைக்காரர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். லோடுமேனுக்குப் பேச்சு தானாக வந்தது.

"ஒருநாள் சாயங்காலம் டப்பாவோட வந்து நீட்டினா. 'அளவா இருக்கு, பொம்பளை கைக்கு எடுப்பா இருக்கும்'னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம் கட்டிக்கிட்டா. கடைசி வரைக்கும் கழட்டல. நான் அவளைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதாங்க."

கடைக்காரர் அவர் கையைப் பிடித்து வாட்ச்சைக் கட்டினார். வாரில் ஆணியால் குத்திய கோணல் ஓட்டைகள் நாலைந்து இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, நுனியிலிருந்த, கடையில் போட்ட பழைய ஓட்டையில் மாட்டினார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

லோடுமேன் அதைக் காதருகே கொண்டுபோனார். ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பணத்தை அவர் பக்கமே தள்ளினார்.

"அந்தக் காலத்துல ஆம்பளை வாட்ச்சே இந்த அளவுதாங்க. நீங்க தூங்கும்போது உங்க மணிக்கட்டை நூலால அளந்து எடுத்துட்டு வந்துதான் அந்தம்மா எங்கிட்ட இதை வாங்கினாங்க. இன்னிக்குத்தான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்திருக்கு, இதுக்குப் போய் கூலி வாங்குவேனா?"