நான் உடைத்த பூட்டும் நகர் பாதுகாப்புக் குழுவும்

என் வாழ்நாளில் நான் உடைத்தது ஒரே ஒரு பூட்டுதான். அது என் மாமனாருடைய கார் ஷெட் பூட்டு. அதை உடைத்தவனைப் பிடிப்பதற்காக எங்கள் நகரில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் தலைவரும் நான்தான். இரண்டு பொறுப்புகளையும் ஒரே நேரத்தில் சுமப்பது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். (வேறு யாரும் அனுபவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.)

2006-ஆம் வருடம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கடலூரில் முதுநகர் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மாமனார் வீடு. கீழே மாமாவும் அத்தையும். மாடியில் நானும் என் மனைவி தமிழரசியும். யாராவது "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டால், "இல்லைங்க, மாடியோட மாப்பிள்ளை" என்று திருத்துவேன். வேலை சிதம்பரத்தில். தினமும் ரயிலில் போய் வந்தேன்.

மாமா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை நிறத்தில் சின்னதாக ஒரு கார் வைத்திருந்தார். அது வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வரும். மற்ற ஆறு நாளும் உறை போர்த்திக்கொண்டு ஷெட்டுக்குள் நிற்கும். அலுவலகத்தில் பேச்சுவாக்கில் "எங்க கார்" என்று சொல்லியிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலி பாஸ்கர் அதை "உன் கார்" என்று புரிந்துகொண்டான். நானும் இலக்கணம் சொல்லித் திருத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்கர் சொன்னான்: "மச்சான், நாளைக்கு ஒரு வேலையா கடலூர் வர்றேன். பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு வந்துடுறேன். கார எடு, பீச்சு வரைக்கும் ஒரு ரவுண்டு போவோம்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. 'வராதே' என்று சொல்லியிருக்கலாம். "வாடா, வாடா" என்று சொன்னேன்.

அதிர்ஷ்டவசமாக (அப்படித்தான் நினைத்தேன்) ஞாயிறு காலையில் வீட்டில் எல்லோரும் புவனகிரிக்கு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிப் போனார்கள். வயிறு சரியில்லை என்று நான் நின்றுவிட்டேன். என் திட்டம் எளிமையானது. காரை வெளியே தள்ளிக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்த வேண்டும். பாஸ்கர் வந்ததும், "பேட்டரி டவுன்டா" என்று பானட்டைத் தட்டி வருத்தப்பட வேண்டும். அவன் போனதும் உள்ளே தள்ளிவிட வேண்டும்.

ஷெட் சாவி மாமாவோடு புவனகிரிக்குப் போய்விட்டது. அதற்கும் யோசனை இருந்தது. பூட்டை உடைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு பூட்டை வாங்கி மாட்டிவிடலாம். மாமாவின் சாவி புதுப் பூட்டுக்குச் சேராதே என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நான் எம்.காம். படித்தவன்.

அம்மிக் குழவியால் நாலு போடு போட்டதும் பூட்டு வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் சார் மீன் வாங்கப் போயிருந்ததால் சத்தம் கேட்க ஆளில்லை. காரின் உறையை எடுத்தேன். மாமா ஹேண்ட் பிரேக்கை நம்ப மாட்டார். செங்கல்லைத்தான் நம்புவார். முன் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்ததுதான் தாமதம், நான் தள்ளாமலேயே கார் கிளம்பிவிட்டது. ஷெட்டின் தரை வாசலை நோக்கிச் சரிவு. ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபக்கம் திரும்பிய நிலையில் பூட்டியிருந்தது. ஷெட்டின் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கிய தாழ்ப்பாள் நீட்டிக்கொண்டிருந்தது. கார் அதில் உரசிக்கொண்டே நிதானமாக வெளியே போய், எதிரில் கொட்டியிருந்த மணலில் மூக்கை வைத்து நின்றது.

இடதுபக்கம் போய்ப் பார்த்தேன். முன்கதவில் ஆரம்பித்துப் பின்கதவு வரை ஒரே கோடு. பென்சில் வைத்துப் போட்டால்கூட எனக்கு அவ்வளவு நேராக வராது.

பிறகு அந்தக் காரைப் பின்னால் தள்ளி, ஒரு சாண் ஏறியதும் செங்கல்லை வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி, ஒரு மணி நேரத்தில் ஷெட்டுக்குள் ஏற்றினேன். இடதுபக்கம் சுவரை ஒட்டி ஒரு கையளவு இடம்தான் இருக்கும். அந்தப் பக்கம் யாரும் பார்க்க முடியாது. உறையை இழுத்துப் போர்த்திவிட்டு, உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேர்வையோடு நின்றேன்.

அப்போது ராஜமாணிக்கம் சார் மீன் பையோடு கேட்டருகே வந்து நின்றார்.

"என்னா தம்பி, ஷெட்ட ஒடச்சிட்டானுங்களா?"

நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ஆமா."

அடுத்த அஞ்சு நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. "என்னா போச்சு? என்னா போச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் போகவில்லை என்றால் யாருக்கும் திருப்தி வராது போலிருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தேன். மூலையில் காருக்கான ஜாக்கி கிடந்தது. "ஜாக்கி" என்றேன். சொல்லிக்கொண்டே அதைக் காலால் ஒரு சாக்குக்கு அடியில் தள்ளினேன். அன்று மத்தியானம், பழைய குழாய்த் துண்டுகள் கிடந்த அந்தச் சாக்கிலேயே ஜாக்கியைப் போட்டுக் கட்டி, மாடிக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

சரியாகப் பதினோரு மணிக்கு வந்த பாஸ்கர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னான். மறுநாள் அலுவலகம் முழுவதற்கும் என் காரைத் திருட வந்தவர்களைப் பற்றிச் சொன்னதும் அவன்தான். எனக்குக் கார் உண்டு என்பதில் அதன்பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். உறையைத் தூக்கி முன்பக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். "வண்டிக்கு ஒன்னும் ஆவல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஒடம்பு முடியாம தனியா இருந்தப்பவா மாப்பிள? உங்களுக்கு ஒன்னுன்னா என்னா ஆயிருக்கும்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

போலீசுக்குப் போகலாம் என்றார் ராஜமாணிக்கம் சார். "ஒரு ஜாக்கிக்குப் போயி எதுக்கு சார்" என்று தடுத்தேன். என் பெருந்தன்மையை எல்லோரும் மெச்சினார்கள். திங்கட்கிழமை மாலை, எங்கள் மொட்டைமாடியிலேயே நகர் பாதுகாப்புக் குழு உருவானது. அதற்குள் தெருவில் பலருக்கும் களவு போனது நினைவுக்கு வந்திருந்தது. ஒருவருக்கு இரண்டு தேங்காய். இன்னொருவருக்கு ஒற்றைச் செருப்பு. கோடிவீட்டு அக்காவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு குக்கர் மூடி. எல்லாம் என் திருடன் கணக்கில் சேர்ந்தது. தலைவர் பதவிக்கு, "பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் வலி தெரியும்" என்று ராஜமாணிக்கம் சார் என் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். தமிழரசி பெருமையாகப் பார்த்தாள்.

ஆளுக்கொரு விசில் வாங்கப்பட்டது. சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தால் மூன்று விசில் அடிக்க வேண்டும். விதி என்னுடையது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எட்டு பேர் கம்போடு ஓடிவந்து கோடிவீட்டைச் சுற்றி வளைத்தார்கள். அந்த அக்கா புதுக் குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை விதியை நான்கு விசிலாக மாற்றினோம். வியாழக்கிழமை அவர் கொண்டைக்கடலை வைத்தார்.

வெள்ளிக்கிழமை எனக்குத்தான் திக்திக்கென்றிருந்தது. கார் வெளியே வந்தால் கோடு தெரிந்துவிடுமே. ஆனால் மாமா, "திருடன் கை பட்ட எடம். நல்ல நாள் பாத்துதான் வண்டிய எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் கோயிலுக்குப் போனார். நான் சாமிக்கு நன்றி சொன்னேன். சாமி அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது மறுநாள் தெரிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தபோது, தெருமுனையில் கூட்டம். நடுவில் பழைய இரும்பு, பேப்பர் வாங்கும் ஏழுமலை. ஐம்பது வயது இருக்கும். வாரம் தவறாமல் தள்ளுவண்டியோடு வருகிறவர். அவரைத் தரையில் உட்காரவைத்து, தராசைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். ராஜமாணிக்கம் சார் கையில் ஜாக்கி. அதில் பச்சை பெயிண்டில் மாமாவின் இனிஷியல்.

"புடிச்சிட்டோம் தம்பி!" என்று அவர் கத்தினார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தமிழரசி குறிஞ்சிப்பாடியில் சித்தி வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கை அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் பழைய இரும்பு என்று போட்டுவிட்டாள்.

ஏழுமலை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாடி வீட்டு அம்மாதாங்க போட்டாங்க. பேரிச்சம்பழம் குடுத்தேங்க. அவுங்களையே கேளுங்க."

"திருடிட்டு, குடும்பத்துப் பொண்ணு மேலயா பழிய போடுற?" என்று ஒருவர் கையை ஓங்கினார். இன்னொருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். மாமா வந்து ஜாக்கியை வாங்கிப் பார்த்து, "நம்மளுதுதான்" என்றார்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் முதலில் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு ஆட்டோவைப் பார்த்தேன். தமிழரசி வரட்டும், அவளே சொல்லட்டும், ஏதாவது வழி பிறக்கும் என்றெல்லாம் யோசித்தேன். அதற்குள் இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவருடைய துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனிந்தார், விடவில்லை.

"நான்தான்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. "நான்தான் சார் ஒடச்சேன்" என்று மறுபடி சத்தமாகச் சொன்னேன்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. ராஜமாணிக்கம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! ஏழைன்னு எரக்கப்பட்டு பழிய தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றார். நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். "ஆனா தம்பி, இவ்ளோ நல்லவரா இருக்கக் கூடாது. நீங்க தள்ளுங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு, ஏழுமலையை ஆட்டோவில் ஏற்றப் போனார்.

அரை மணி நேரம் நான் ஒரு திருடன் என்று அந்த ஊருக்கு நிரூபிக்கப் பாடுபட்டேன். குழவியைக் கொண்டுவந்து காட்டினேன். "யாரு வீட்லதான் குழவி இல்ல?" என்றார்கள். நாலு போடு போட்டதைச் சொன்னேன். "எதுக்கு சொந்த வீட்ட ஒடைக்கணும்?" என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், "மாமா, வண்டிய வெளிய எடுங்க. எடது பக்கம் பாருங்க" என்றேன்.

மாமா புதுப் பூட்டைத் திறந்து, காரை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் இடதுபக்கம் போனார்கள். அந்தக் கோட்டை அவர் ஆள்காட்டி விரலால் முன்கதவிலிருந்து பின்கதவு வரை தடவிக்கொண்டே நடந்தார். அவ்வளவு மெதுவாக யாரும் இரண்டு கதவைக் கடந்ததில்லை.

"எதுக்கு மாப்பிள?"

"பாஸ்கர் வர்றேன்னு சொன்னான் மாமா."

"யாரு பாஸ்கரு?"

"ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. நமக்குக் கார் இருக்குன்னு சொல்லியிருந்தேன்."

மாமா கோட்டிலிருந்து விரலை எடுத்தார். "அவரு பாத்தாரா?"

"இல்ல மாமா."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. ராஜமாணிக்கம் சார் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, என் கையில் கொடுக்காமல், சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என் தராச குடுங்க" என்றார். கொடுத்தேன். "மன்னிச்சிடுங்க" என்றேன்.

"வாயத் தொறக்க இவ்ளோ நேரமா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு வீடு பழைய பேப்பர் குவிந்தது. முதுநகரில் விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எதிர்பாராத விதமாக மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். ஏழுமலை எங்களை உட்காரச் சொல்லி, மனைவியிடம் டீ போடச் சொன்னார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மேலதான் தப்பு. எங்க வீட்டுப் புள்ள மேல" என்றார். என்னை அவர் 'புள்ள' என்றதும் அதுதான் முதல் தடவை. நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அந்த இடத்தில் அது பொருத்தமில்லை என்று தெரிந்தும்.

ஏழுமலை யோசித்துவிட்டுச் சொன்னார்: "வர்றேன். விசில் அடிக்கிற வேலையெல்லாம் இருக்கக் கூடாது."

தமிழரசி பதினெட்டு நாள் என்னோடு பேசவில்லை. பத்தொன்பதாவது நாள், எதையோ நினைத்துக்கொண்டு சமையலறையில் தனியாகச் சிரித்தாள். "அவரு பாத்தாரா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதோடு சரியாகிவிட்டது.

2012-இல், வெளியூரில் வேலை பார்த்துவந்த என் மச்சினனுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மண்டபத்தில் பெண் வீட்டார் எல்லோரும் கூடியிருந்தபோது மாமா என்னை முன்னால் இழுத்து அறிமுகப்படுத்தினார். "இவருதான் எங்க மாப்பிள. எங்க ஷெட்ட ஒடச்சவரு."

பெண்ணின் அப்பா என்ன சொல்வதென்று தெரியாமல், "ரொம்ப சந்தோஷங்க" என்று கும்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நகைப் பையை யாரிடம் கொடுத்து வைப்பது என்று பேச்சு வந்தது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். மாமா பையை வாங்கி நேராக என் மடியில் வைத்தார்.

"இவருகிட்டயே இருக்கட்டும்" என்றார். "இந்த மண்டபத்துல திருடத் தெரியாதுன்னு நிரூபிச்ச ஆளு இவரு ஒருத்தருதான்."