சாமி உறிஞ்சிய குதிகால்

கரமனையில் முள்ளெடுப்புச் சாமி வந்து இறங்கியதிலிருந்து, ஊரில் நேராக நடக்கிறவர்களுக்கு மதிப்பில்லை. பஸ்ஸிலிருந்து நொண்டி இறங்கினால் போதும். ஆட்டோக்காரர் கேட்காமலே சாமி வாசலில் கொண்டுபோய் விடுவார்.

குதிகால் வலியா? போன பிறவியில் யாரையோ மிதித்த பாவம், முள்ளாகி நிற்கிறது! சாமி மாட்டுக்கொம்பை வைத்து உறிஞ்சி, முள்ளைப் பித்தளைக் கிண்ணத்தில் துப்புவார். டிங்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் எனக்கே கொஞ்சம் பக்தி வந்தது.

சாலை பஜாரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், உலகம்மாள் அக்காவுக்கு நின்று நின்று குதிகால் வலி. டாக்டர் சொன்னது எளிது: காலையில் எழுந்ததும் காலை நீட்டி மடக்கு, ஐஸ் பாட்டிலை மிதித்து உருட்டு, மெத்துச் செருப்பு போடு, சில மாதம் பொறு. பெரும்பாலும் அதிலேயே சரியாகும். ஆபரேஷன் கடைசிப் பேச்சு.

சாமி சொன்னது அதைவிட எளிது: செருப்பைத் தூக்கி எறி, வெறுங்காலோடு நட. நடந்தாள். இப்போது பில் கவுண்டர் வரைகூடப் போக முடியவில்லை. "நிக்க முடியலன்னா வரவேண்டாம்" என்றுவிட்டார் முதலாளி.

"டாக்டர் சொன்னதைச் செய்யுங்கக்கா" என்றேன்.

"போடி, மீனு! பாட்டில உருட்டுனா பாவம் போகுமா? இன்னும் ஒரு முள்ளுதான் பாக்கியாம்."

அக்கா சொல்வதுதான் சரியோ? எனக்கு எதிலும் சந்தேகம். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார் என்றுதான், கடை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் சொல்கிறார்கள்.

சாமி பாவிகளின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத் தொடமாட்டார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஈரப் பட்டுத்துணியால் காலை நாமே சுற்றி, திரைக்கு அடியில் நீட்ட வேண்டும். அக்காவுடன் போனேன். கட்டைப்பையில் கொண்டுபோன காலைச் சுற்றி நீட்டினேன். எங்கள் ஷோகேஸ் பொம்மையின் கால்.

டிங்!

"அய்யோ, கடும் பாவம் கேட்டோ!" என்றார் சாமி, மலையாளம் கலந்து. "ராத்திரி வேதனை உண்டா மோளே?"

"தூங்கவே மாட்டேங்குது சாமி."

ஒரு காலில் வந்தது தற்செயலாக இருக்கலாமே? மற்ற காலையும் நீட்டினேன்.

டிங்!

திரையை விலக்கிப் பட்டுத்துணியை உருவினேன். ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கால்கள் இரண்டும் பளபளத்தன. குதிகாலில் ஒரு கீறல்கூட இல்லை. சாமி திகைத்து வாயைப் பிளந்தார். கன்னத்தில் ஒதுக்கியிருந்த மீதி முட்கள் கிண்ணத்தில் கொட்டின. டிங் டிங் டிங்!

"ஏலே களவாணி!" உலகம்மாள் அக்கா ஒரு பொம்மைக் காலை ஓங்கினாள். சாமி ஓடினார். அவர் குதிகாலில் ஒரு குறையும் இல்லை.

கூட்டத்திலிருந்த சிவதாணு அண்ணன் மட்டும் உருகினார்: "பிளாஸ்டிக்லேருந்தே முள்ளெடுத்துட்டாரே! என்னா சக்தி!"

திரும்பும் வழியில் அக்கா பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கி மெத்துச் செருப்பு வாங்கினாள். நாளைக்கு முதலாளியிடம், உட்கார்ந்து வேலை பார்க்க ஸ்டூல் கேட்கப் போகிறாளாம். முள்ளை விட அதுதான் அவருக்கு வலிக்கும்.

எங்கள் கடைப் பொம்மையின் தலைக்குள் வெறும் காற்றுதான். ஆனாலும் அது தானாகப் போய் எந்தச் சாமியிடமும் காலை நீட்டவில்லை. நம் தலைக்குள் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். ஒருமுறை உபயோகித்துப் பாருங்கள். வலிக்காது.