மூடி வைத்த சாமி

உள்ளறை மாடத்தில் கறுப்புத் துணி போர்த்திய ஏதோ ஒன்று சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. குடிவந்த அன்றே பல் டாக்டர் அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டார்.

"பழைய குடித்தனக்காரங்க வேற மதம். அவங்க சாமியை விட்டுட்டுப் போயிருக்காங்க. தொடக்கூடாது," என்றார். எல்லா மதமும் தமக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம்.

மனைவி நிறைமாதம். அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "குழந்தை பொறக்கறதுக்குள்ள அது போகணும். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

பழைய குடித்தனக்காரர் போனை எடுக்கவில்லை. அந்த மதத்துக்காரர் ஒருவர் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தார். டாக்டர் அவர் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டே, உங்கள் சாமிக்கு விளக்கு வைப்பதுண்டா என்று விசாரித்தார். அந்த மனிதர் "ஆ" என்றார். வேறென்ன சொல்வார் பாவம்?

டாக்டர் விளக்கேற்றினார். காற்றே இல்லாத அறையில் சுடர் துணிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மறுநாள் அது சுவரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது.

மனைவி பெட்டி கட்ட ஆரம்பித்தாள். டாக்டர் அடுத்துப் பல்லைக் காட்ட வந்த அந்த மதத்துக்காரரிடம், சாமி கோபம் தணியத் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்டார். அவர் வாய் நிறையப் பஞ்சு. வலியில் பலமாகத் தலையை ஆட்டினார்.

வெள்ளி டம்ளரில் தண்ணீர் வைத்தார். காலையில் டம்ளர் காலி. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி ஈரமாக இருந்தது. டம்ளர் விளிம்பில் பல் தடம். ஊரார் வாயைப் பார்த்தே பிழைப்பவர் அவர். அது மனிதப் பல் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே பழைய குடித்தனக்காரர் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்குப் போய், கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார். சாதுவான வாத்தியார். வாசற்படியோடு நின்றுவிட்டார். மனைவியும் பெட்டியும் கையுமாக அங்கேதான் நின்றாள்.

தெரியாமல் விளக்கு வைத்தது, தண்ணீர் கொடுத்தது எல்லாவற்றையும் டாக்டர் ஒப்பித்து மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் என்றதும் வாத்தியார் முகம் வெளுத்தது.

"உங்க சாமியை நீங்களே பத்திரமா எடுத்துட்டுப் போயிடுங்க சார். பிள்ளைத்தாச்சி இருக்கற வீடு."

வாத்தியார் உள்ளறைப் பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"எங்க சாமியா? எங்களுக்கு முந்தி இங்க இருந்தவங்க உங்காளுங்க சார். அவங்க விட்டுட்டுப் போன உங்க சாமின்னு நெனச்சுத்தான் துணி போட்டு மூடினோம், அப்புறம் பயந்துபோய் வீட்டையே காலி பண்ணிட்டோம்."