எரிமலையாரின் பொலிஸ் சான்றிதழ்

மெல்பேர்னில் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற சொற்களை ஒருமுறைகூடப் பாவிக்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் எரிமலையார்தான்.

எண்பதுகளின் கடைசியில் மல்கிரேவில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மூத்தவர் அவர். முன்பு கப்பலில் எஞ்சின் பார்த்தவர். பசிபிக் கடலில் ஒரு குட்டி எரிமலைத் தீவில் ஜெனரேட்டர் ஓட்ட ஆளில்லை என்று இறங்கியவர், பதினான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி கப்பல் ஏறினார். நடுவில் புகையும் மலை, சுற்றிவரக் கறுப்பு மணல், இருநூறு சனம். அங்கே திசைகள் இரண்டுதான்: மலைப்பக்கம், கடற்பக்கம். அதை அப்படியே மல்கிரேவுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"தம்பி, அந்தக் கடற்பக்கத்துக் கதிரையை இஞ்சால இழும்."

குசினிக்குள் கடல் எந்தப் பக்கம் என்று நாங்கள் தலையைச் சொறிவோம். லைசென்ஸ் பரீட்சையில் இடப்பக்கம் திருப்பச் சொன்ன அதிகாரியிடம் "மலைப்பக்கமோ?" என்று கேட்டே இரண்டு தடவை பெயிலானார்.

தீவில் சுடுமண்ணுக்குள் பானையைப் புதைத்துக் கிழங்கு அவிப்பார்களாம். எங்கள் பின்வளவிலும் புதைத்துப் பார்த்தார். மூன்று மணித்தியாலம் கழித்துத் தோண்டினால், வைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. "இந்த மண்ணுக்குச் சூடு சுரணையே இல்லை" என்று சலித்துக்கொண்டார்.

பிறகு நிரந்தர வதிவிட விண்ணப்பம் வந்தது. அது கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் குண்டுகளுக்கு நடுவே இருந்த மனைவியையும் மகளையும் அவர் கூப்பிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் வசித்த இடம் ஒவ்வொன்றிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும் என்றிருந்தது. தீவில் பொலிஸே கிடையாது. கடிதம் கொண்டுபோகும் கப்பலும் நாலு மாதத்துக்கு ஒருக்காத்தான்.

"அண்ணை, அந்தத் தீவை எழுதாம விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"பதினாலு மாதம் அவையின்ர கிழங்கைத் திண்டனான். அவையள் இல்லையெண்டு என்ர கையால எழுதச் சொல்லுறீரோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க பிள்ளை பங்கருக்குள்ள கிடக்குது. நீங்கள் இஞ்ச நேர்மை பாத்துக்கொண்டு இருக்கிறியள்!"

அன்று அவர் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாளே தீவுக்குக் கடிதம் போட்டார். ஒன்பது மாதம் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். அந்த ஒன்பது மாதமும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் பதில் வந்தது. பிரித்து வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். தீவின் பெரியவர் எழுதியிருந்தார்: "இங்கே பொலிஸ் இல்லாதபடியால் நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைக்கிறோம். இவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. இவருடைய மனைவிக்கும் பிள்ளைக்கும் உங்கள் நாட்டில் இடமில்லை என்றால் மூவரையும் இங்கே அனுப்புங்கள். நாங்கள் வீடு கட்டிக் கொடுப்போம்."

கீழே இரண்டு பக்கம் முழுக்கக் கையெழுத்துகள். பிள்ளைகள்கூடக் கிறுக்கியிருந்தார்கள்.

அதிகாரிகள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ தெரியாது, ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்துசேர, அவர் கிளென் வேவர்லிக்குக் குடிபோனார். போகும்போது என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீர் கோவிச்சது என்ர பிள்ளைக்காகத்தானே."

அந்த ஒன்பது மாதத்தை யாராவது திருப்பித் தந்தால், முழுவதையும் அவரோடு பேசியே கழிப்பேன்.