டீக்கனுக்குச் சளி

வாசல் மணி அடித்தது. வந்தவள் வாயைத் திறக்கும் முன்பே வெர்லன் டிட்வெல் முந்திக்கொண்டார்.

"டீக்கனுக்குச் சளி."

கல்லூரி வாத்தியக் குழுவில் பெரிய கொம்பு ஊதும் டெஸ் தலையாட்டினாள்.

"சரி சார். நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

டீக்கன் என்பது கல்லூரியின் அடையாளச் சின்னமான புல்டாக் நாய். கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி மைதானத்தில் இறங்கும்போதெல்லாம் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடக்கும். தூங்குவதும் குறட்டை விடுவதும் வெர்லன் வீட்டில். கல்லூரியின் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் வெர்லனுக்கு அதைவிட்டால் வேறு ஆள் கிடையாது. முந்தின நாள் மாலை அது அவர் நாற்காலிக்கு அடியிலேயே உயிரை விட்டது. கொல்லையில் பெக்கான் மரத்தடியில் தானே குழி வெட்டிப் புதைத்தார்.

இன்று பழைய மாணவர் நாள் ஆட்டம். பருவம் முழுக்கத் தோற்ற அணி, செய்தி தெரிந்தால் ஒரேயடியாகத் துவண்டுவிடும். ஆட்டம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். அங்கேயும் சளி என்றுதான் வந்தது.

சற்று நேரத்தில் சாப்பாடு வரத் தொடங்கியது. தட்டம் தட்டமாகச் சீஸ் மக்ரோனி, முட்டை, முழுசாக ஒரு பன்றித்தொடை. கொண்டுவந்த பிள்ளைகள் யாரும் நாயைப் பார்க்கக் கேட்கவில்லை. சளி பிடித்த நாய்க்கு எதற்கு இத்தனை என்று வெர்லன் குழம்பினார். யாரும் நம்பவில்லை போலிருக்கிறது. எனவே அடுத்து வந்தவர்களிடம், இப்போது தேவலை, கஞ்சி குடித்தான், வாலை ஆட்டினான் என்று சேர்த்துச் சொன்னார். புல்டாக்குக்கு ஆட்டும்படி வால் ஏது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்கும் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

அணித்தலைவன் ஜமார்கஸ் வந்தான். கதவளவு உடம்பு. தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தோளை இறுகப் பிடித்தான். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல் வெர்லன் உளறினார்.

"கவலைப்படாதப்பா. ரெண்டாவது பாதிக்கு அவனே வந்துடுவான்."

"வர்றானா சார்?" ஜமார்கஸின் முகம் கோணியது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஒரு பல்பு மாற்றுவதற்கே நூறு கேள்வி கேட்கும் கல்லூரித் தலைவி தொலைபேசியில் அழைத்து, நீங்கள் எப்படிச் செய்தாலும் சரி, நாங்கள் இருக்கிறோம் என்றார். நாயை எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள் என்று வெர்லன் எடுத்துக்கொண்டார். இனிப் பின்வாங்க முடியாது.

தலையணைக்குச் சிவப்புச் சட்டை மாட்டினார். டீக்கனுக்குக் கால் வலித்தால் ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டியில் வைத்துப் போர்வையால் மூடினார். சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியைத் தள்ளினார்.

இடைவேளையில் மைதானத்துக்குள் நுழைந்தார். வழக்கமாகக் காது கிழியும். இன்று கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. தொப்பிகள் கழன்றன. ஒரு சத்தம் இல்லை. குட்டு உடைந்துவிட்டது, தலையணையின் மூலை வெளியே தெரிகிறது போலும் என்று போர்வையை இழுத்து இழுத்து மூடினார். வாத்தியக் குழு கல்லூரிப் பாட்டை மெதுவாக, மிக மெதுவாக வாசித்தது.

பாதி மைதானத்தில் வண்டியை நிறுத்தினார். டெஸ் கொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இனி முடியாது என்று ஆகிவிட்டது.

"கண்ணு, அவன் செத்துட்டான். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். காலையிலேருந்து ஏமாத்துறேன்."

டெஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் சார். விடியக்காலையில ஹாஸ்டல் ஜன்னல்லேருந்து எல்லாருமே பாத்தோம். வெறும் சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு நடந்து போனீங்க. ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் நின்னு, அவன் காலத் தூக்கி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தீங்க."