பாட்டில்காரரின் கிணற்றுத் தண்ணீர்

எங்கள் பாலாற்றுப் பக்கம் வேலைக்கு வந்த எந்த அதிகாரியும் பாட்டில்காரரிடம் மாட்டாமல் மாற்றலாகிப் போனதில்லை.

ஆம்பூருக்கு வெளியே சின்னத் தென்னந்தோப்பு அவருக்கு. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கிக் கிணறு கெட்டதிலிருந்து, திங்கள்தோறும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். கூடவே ஒரு கண்ணாடி டம்ளர். மனு எழுதுவது நான், பேசுவது அவர்.

"ஒரு வாய் குடிங்க சார். அப்புறம் பேசலாம்."

யாரும் குடித்ததில்லை. ஒருமுறை வாசலில் போலீஸ்காரர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "பத்திரம்பா, தாகத்துல குடிச்சிடாத. புள்ளகுட்டிக்காரன் நீ" என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு இவர் உள்ளே போனார்.

தோல் வேலை செய்கிறவர்களோடு அவர் பேசமாட்டார். ஷூ கம்பெனியில் தைக்கிற என்னை மட்டும், என் கையெழுத்துக்காக மன்னித்திருந்தார். அதனால் பீகாரிலிருந்து தோல் ஷாப்புக்கு வந்த குடும்பங்கள் தோப்பை ஒட்டிய லைன் வீடுகளில் குடியேறியதும் கொதித்துவிட்டார்.

"அவ்ளோ தூரம் ரயிலேறி வந்து எங்கிணத்தயா கெடுக்கணும்?"

லைன் வீடுகளுக்குக் குழாய் இல்லை. ஊர்க் குழாயிலும் அவர்களை அண்ட விடவில்லை.

ஒருநாள் காலை அவரிடமிருந்து போன். "டேய், வண்டிய எடுத்துனு ஓடியாடா!"

போனேன். கிணற்றடியில் சுனிதா என்ற பீகார்ப் பெண், இடுப்பில் துவண்ட குழந்தை, கையில் குடம்.

"எட்டு நாளா இதத்தான் குடிக்குதுங்களாம்டா!"

"வேற தண்ணி இல்ல, நைனா. பாப்பாக்கு வயித்தால போகுது" என்றாள் அவள், வந்த இடத்தில் பழகிய தமிழில்.

கிணறு கெட்டதைக் கலெக்டர் வரை சொன்னவர், வேலிக்கு அந்தப் பக்கம் சொல்லவில்லை. பேசக்கூடாதென்று வைராக்கியம். குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தார். தாயையும் பிள்ளையையும் என் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். குழந்தை பிழைத்த பிறகுதான் சாப்பிட்டார்.

அடுத்த திங்கள் லைன் வீட்டுப் பெண்கள் காலிக் குடங்களோடு முன்னால் போக, அவர் வெறுங்கையோடு பின்னால் போனார்.

"பாட்டில் எங்க பெரியவரே?" என்றார் அதிகாரி.

"என் கெணறு கெடக்கட்டும் சார். மொதல்ல இதுங்களுக்குக் கொழா போடுங்க. அதுவரிக்கும் நாங்க இங்கதான்."

சாயங்காலம் உத்தரவு கையில் வந்தது. மறுமாதம் குழாயும் வந்தது.

இப்போது தினமும் காலையில் சுனிதா வீட்டிலிருந்து அவருக்கு டீ வருகிறது. "இன்னாம்மா, இனிப்பு ஜாஸ்தி" என்று திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.